ஜூ டவுனை விட்டு முதலில் போனவர்கள் யார்?

சென்ற இதழில் கட்டாய ஓய்வை ஆதரித்து ஒரு கட்டுரை வந்திருந்தது. அரசு வேலையில் இருப்பவர் வயது முடிந்த நாளில் மறுபேச்சில்லாமல் எழுந்துவிட வேண்டும். கேரளத்தில் 56 என்றிருக்கும் ஓய்வு வயதை 60 ஆக்குவதைப் பற்றிப் பேசுவதே, படித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். முதியவர் ஒதுங்கினால்தான் இளையவர் உள்ளே வர முடியும். இதுவரை பழைய பாட்டுதான். மேடைகளில் கேட்டுக் கேட்டுப் புளித்துப் போனது. கட்டுரையாளர் புதிதாகச் சேர்த்திருப்பது ஓர் ஊரை. கொச்சிக்குப் போனவர் மட்டாஞ்சேரியில் ஜூ டவுனைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். வயதான யூதர்கள் இடத்தைக் காலி செய்தார்களாம், உடனே இளைஞர்கள் வந்து கடை விரித்தார்களாம், தெருவே களைகட்டிவிட்டதாம். தன் வாதத்துக்கு அந்த ஊரே சாட்சி என்று முடிக்கிறார்.

சாட்சியைக் கூண்டில் ஏற்றுமுன் அது என்ன சொல்லப்போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்வது வக்கீல்களின் வழக்கம். இவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஜூ டவுனில் இடத்தைக் காலி செய்தவர்கள் கிழவர்கள் அல்ல, இளைஞர்கள் என்பது தெரிந்திருக்கும்.

அங்குள்ள பரதேசி யூத ஜெபாலயம் கட்டப்பட்டது 1568இல். அதன் நானூறாவது ஆண்டு விழாவுக்கு 1968 டிசம்பரில் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலை வெளியிட்டார்கள். ஊர் கூடிய விழாதான். ஆனால் அதற்குள்ளாகவே கொச்சி யூதர்களில் பெரும்பகுதியினர் ஊரில் இல்லை. 1948இல் இஸ்ரேல் உருவானதும் ஐம்பதுகளில் மலபார் யூதர்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிட்டார்கள். ஜூ டவுனின் பரதேசி யூதர்கள் கொஞ்சம் தாமதித்தார்கள். பிறகு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். நிலச் சீர்திருத்தத்தில் சொத்து கரைந்தது, தொழில் கைமாறியது, பெண் கொடுக்கவும் மாப்பிள்ளை எடுக்கவும் ஆள் இல்லாத அளவுக்குச் சமூகம் சுருங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. மூத்தவர் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வழிவிடவில்லை என்பது அவற்றில் ஒன்றாக இருந்ததாக எங்கும் நான் படித்ததில்லை.

ஊரில் தங்கிவிட்டவர்கள் வயதானவர்கள். முழு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் கூட வேண்டும் என்பது யூத மரபு. அந்தப் பத்துப் பேரைச் சேர்க்க வெளியூர்ப் பயணிகளை எதிர்பார்த்திருக்கும் நிலை வந்த பிறகும் ஜெபாலயத்தின் சாவியை விடாமல் வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். 2009இல் மறையும்வரை சாமுவேல் ஹலேகுவா அதைப் பார்த்துக்கொண்டார். அவருக்குப் பின் அந்தப் பொறுப்பில் இருந்த குயினி ஹலேகுவா 2024 ஆகஸ்டில், 89ஆவது வயதில் இறந்தார். கட்டுரையாளரின் சட்டப்படி இந்த அம்மாளை 56இல் வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பியிருந்தால், இன்று கட்டுரையாளர் டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்த்த நீலச் சீன ஓடுகளைக் காட்ட அங்கே யார் இருந்திருப்பார்கள்?

அதே தெருவில் சாரா கோஹன் கடை வைத்திருந்தார். கையால் பூத்தையல் போட்ட துணிகள், தொழுகைத் தொப்பிகள், சப்பத் நாளில் ரொட்டியை மூடும் விரிப்புகள். 2019 ஆகஸ்டில் 96 வயதில் அவர் காலமானார். கடைசி ஆண்டுகள்வரை கடையில் வந்து உட்கார்ந்திருந்தவர். இப்போது அந்தக் கடையை நடத்துகிறவர் தாஹா இப்ராஹிம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வருகிற வெள்ளைக்காரர்களிடம் அஞ்சலட்டை விற்றுத் திரிந்த முஸ்லிம் பையன். சரக்கு வைக்க இடம் கிடைக்காமல் சாராவின் கணவர் ஜேக்கப் கோஹனிடம் கேட்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தார். சாராவுக்கு முதலில் இதில் சம்மதமில்லை. பிறகு அந்தப் பையனே அந்த வீட்டுப் பிள்ளையானார், தையல் கற்றார், 1999இல் ஜேக்கப் இறந்தபின் அந்த அம்மாளைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். ஓர் இளைஞர் உள்ளே வந்த கதைதான் இது, கட்டுரையாளர் கேட்ட அதே கதை. ஆனால் வந்தது, முதியவர் எழுந்து போனதால் அல்ல. எழுந்து போகாமல் அங்கேயே இருந்ததால். ஐம்பத்தாறு வயதில் ஊசியைக் கீழே வைத்திருந்தால் தாஹாவுக்குக் கற்றுக்கொள்ள அங்கே என்ன இருந்திருக்கும்?

சாரா கோஹன் சொந்தக் கடை வைத்திருந்தவர், அரசு ஊழியரோடு எப்படி ஒப்பிடலாம் என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். நியாயம்தான். ஆனால் ஜூ டவுனை இழுத்தது நான் அல்ல.

இனி அவருடைய மைய வாதத்துக்கு வருகிறேன். வேலை என்பது ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை; ஒருவர் எழுந்தால் ஒருவர் உட்காரலாம். இந்தக் கணக்கு மட்டாஞ்சேரிக்குப் புதிதல்ல. சுதந்திரத்துக்குப் பிறகும் கொச்சித் துறைமுகத்தில் சாப்பா என்ற முறை இருந்தது. காலையில் வேலை கேட்டுத் தொழிலாளர்கள் கூட்டமாக நிற்பார்கள். கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான். அடித்துப் பிடித்து, மிதிபட்டு, எடுத்தவனுக்கு அன்றைக்கு வேலை. எடுக்க முடியாதவனுக்குப் பட்டினி. பக்கத்தில் நிற்பவன்தான் தன் சோற்றைப் பறிக்கிறான் என்று இருவருமே நம்புவார்கள். வில்லை ஏன் இவ்வளவு குறைவாக விழுகிறது என்று எறிகிறவனை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கத் தொடங்கியபோது, 1953 செப்டம்பர் 15இல், மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. தொழிலாளர்கள் செத்தார்கள். ராஜீவ் ரவியின் 'துறமுகம்' படம் இதைத்தான் சொல்கிறது. கட்டாய ஓய்வு வாதம் அந்தச் சாப்பாதான். ஐம்பத்தாறு வயதுக்காரர் ஒருவர் கையிலிருக்கும் வில்லையைப் பிடுங்கி இருபத்தாறு வயதுக்காரர்கள் நூறு பேர் நடுவில் எறிவது. அவர்கள் முட்டிக்கொள்ளும்போது, பாருங்கள், இளைஞர்களுக்கு வாய்ப்பு என்று சொல்வது.

எறிந்த வில்லையாவது தரையில் விழுகிறதா? அதுவும் பாதி வழியில் காணாமல் போகிறது. ஐம்பத்தாறில் ஓய்வு பெறுகிறவர் பெரும்பாலும் கடைநிலையில் இருப்பதில்லை. தாசில்தாராகவோ, கண்காணிப்பாளராகவோ, தலைமை ஆசிரியராகவோ இருப்பார். அந்த நாற்காலியில் மறுநாள் உட்காருகிறவர் பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணைய) தரவரிசைப் பட்டியலில் இருக்கும் பெண் அல்ல. பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் ஐம்பத்திரண்டு வயதுக்காரர். அவர் இடத்துக்கு நாற்பத்தேழு. இப்படியே இறங்கி இறங்கிக் கடைசிப் படியில் ஓர் இடம் காலியாக வேண்டும். அந்தக் கடைசி இடத்தைத்தான் அரசு நிரப்பாமல் வைக்கிறது, அல்லது ஒப்பந்தத்தில் தருகிறது, அல்லது இந்தப் பணியிடம் தேவையில்லை என்று ஒரு ஆணையில் கலைத்துவிடுகிறது.

2021 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் பி.எஸ்.சி. பட்டியலில் இருந்தவர்கள் போராடியது நினைவிருக்கிறதா? முழங்காலில் நகர்ந்தார்கள், சாலையில் உருண்டார்கள். அவர்கள் கேட்டது என்ன? காலியிடங்களை அறிவியுங்கள், பட்டியல் காலாவதியாகுமுன் நியமியுங்கள், தற்காலிகமாக உள்ளே வைத்தவர்களைப் பின்வாசல் வழியாக நிரந்தரமாக்காதீர்கள். வயதானவர்களைத் துரத்துங்கள் என்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கை அல்ல. தெருவில் முழங்கால் தேய்த்தவர்களுக்குத் தங்கள் எதிரி யார் என்று தெரிந்திருந்தது. அவர்களுக்காகக் கட்டுரை எழுதுகிறவருக்குத்தான் தெரியவில்லை.

ஜூ டவுனிலேயே இதற்கு இன்னொரு பாடம் இருக்கிறது. 1957இலிருந்து மிளகு முன்பேர வணிகம் நடந்த சங்கம் அங்கேதான் இருக்கிறது. தரகர்கள் கூடத்தில் நின்று கத்தி விலை சொன்ன காலம் ஒன்று. பிறகு கணினித் திரை வந்தது, நாடு தழுவிய மின்னணுச் சந்தைகள் வந்தன, வணிகம் அங்கே போனது, கூடத்தில் சத்தம் அடங்கியது. அந்தத் தரகர்கள் யாரையும் வயது முடிந்துவிட்டது என்று ஒருவரும் அனுப்பவில்லை. வேலைதான் அவர்களை விட்டுப் போனது. ஒரு தலைமுறைக்குக் கிடைத்த பிழைப்பு அடுத்த தலைமுறைக்குக் கிடைக்காமல் போவதற்கு இப்படி நூறு காரணங்கள் இருக்க, கட்டுரையாளர் கண்ணில் படுவது நரைத்த தலை மட்டும்.

கேரளத்து இளைஞர்கள் வெளியே போவதும் அவருக்குத் தெரியும். கட்டுரையில் ஒரு வரி எழுதியிருக்கிறார். 2023இன் கேரள இடப்பெயர்வு ஆய்வின்படி வெளிநாட்டில் இருக்கும் மாணவர்கள் சுமார் இரண்டரை லட்சம். ஐந்தாண்டுக்கு முன் அதில் ஏறக்குறையப் பாதி. கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் போகிற பிள்ளை, வருவாய்த்துறை அலுவலகத்து மூத்த எழுத்தர் இன்னும் நான்கு வருடம் இருக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டா பெட்டியைக் கட்டுகிறது? ஜூ டவுனில் நடந்தது இப்போது மாநிலம் முழுக்க நடக்கிறது. இளைஞர் போகிறார்கள், வயதானவர்கள் வீட்டையும் தெருவையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்படி நிற்பவர்களைப் பார்த்து, நீங்களும் எழுந்திருங்கள் என்பது அவருடைய யோசனை.

சரி, 56 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஏதோ மருத்துவர் குழு நாடி பிடித்துச் சொன்னதுபோல அவர் எழுதுகிறார். 1922இல் வெள்ளைக்கார அரசு வகுத்த அடிப்படை விதிகளில் இருந்தது 55. அன்றைய இந்தியரின் சராசரி ஆயுள் 30ஐ எட்டவில்லை. (பிள்ளைச் சாவுகளும் சேர்ந்த கணக்கு அது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் 75ஐ எட்டிவிட்ட இன்றைய கேரளத்தோடு அதை வைத்துப் பார்ப்பது அநியாயம் ஆகாது.) மத்திய அரசு 1962இல் அதை 58 ஆக்கியது, 1998இல் 60 ஆக்கியது. கேரளம் 55இல் இருந்து 2012இல் கே.எம். மாணியின் பட்ஜெட்டில் ஒரே ஒரு வருடம் ஏறியது. தமிழ்நாடு 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கின் நடுவில், 58ஐ 59 ஆக்கியது. 2021 பிப்ரவரியில், தேர்தல் வாசலில், 60 ஆக்கியது. ஒன்பது மாதத்தில் தமிழ்நாட்டு அரசு ஊழியரின் உடம்பு இரண்டு வயது இளமையாகிவிட்டதா? கஜானாவில் பணிக்கொடை தரப் பணமில்லை, தள்ளிப்போட்டார்கள். 

தள்ளிப்போடத்தான் முடியும் என்றில்லை, முன்னுக்கும் இழுக்கலாம். 1983 பிப்ரவரியில் ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் அரசு 58ஐ ஒரே அவசரச் சட்டத்தில் 55 ஆக்கியது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் அந்த மாதக் கடைசியிலேயே வீட்டுக்குப் போனார்கள். காரணம், இளைஞருக்கு வாய்ப்பு. ராமராவுக்கு அப்போது வயது 59; முதலமைச்சர் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 55இல் அனுப்பியது செல்லும் என்று 1985 ஜனவரியில் தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூடுக்கு வயது 64. அவருடைய பதவிக்கு அரசியல் சட்டம் வைத்த எல்லை 65. தீர்ப்பு வருவதற்கு முன்பே ஆந்திரத்தில் மீண்டும் 58 ஆகிவிட்டது என்பது தனி வேடிக்கை.

இன்னும் அருகில் பாருங்கள். மட்டாஞ்சேரியில் ஒரு மாநில அரசு அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் இரண்டு பேர். ஒருவர் 2013 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவர், 56இல் ஓய்வு. மற்றவர் அதற்குப் பின் பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேர்ந்தவர், 60இல் ஓய்வு. ஒரே வேலை, ஒரே கோப்பு, ஒரே ஓட்டை மின்விசிறி. பாலத்தைத் தாண்டி வில்லிங்டன் தீவுக்குப் போனால் துறைமுகத்தில் 60. காயலுக்கு அந்தப் பக்கம் எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62. அரசு மருத்துவக் கல்லூரியில் கத்தி பிடித்து வயிற்றைத் திறக்கும் பேராசிரியருக்கும் 62. அறுவை செய்யும் கை 62வரை நடுங்காது, பேனா பிடிக்கும் கை 56இல் நடுங்கிவிடும் என்று நம்புகிறவர்தான், 'முதுமையில் திறன் குறைவது இயற்கை' என்ற பொருளில் நான்கு பத்தி எழுத முடியும்.

அமைச்சர்களுக்கு எல்லையே இல்லை. வி.எஸ். அச்சுதானந்தன் 2006இல் முதல்வரானபோது அவருக்கு 82. நன்றாகவே வேலை செய்தார் என்று எதிர்க்கட்சிக்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள். 2022 அக்டோபர் கடைசியில் பொதுத்துறை நிறுவனங்களில் ஓய்வு வயதை 60 ஆக்கி ஆணை வந்தது. டி.ஒய்.எஃப்.ஐ. முதல் இளைஞர் காங்கிரஸ்வரை கொதித்தெழுந்தார்கள். கட்சிக்கே தெரியாமல் வந்த ஆணை என்றார் மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர். சில நாளில் நிறுத்திவைத்தார்கள். 77 வயது முதல்வரின் அமைச்சரவை, இளைஞர் நலன் கருதி, 60 வயது ஊழியரைத் தடுத்து நிறுத்தியது. அதே ஆண்டு ஏப்ரலில் கண்ணூர் மாநாட்டில் அக்கட்சி தன் குழுக்களுக்கு 75 என்று வயது வரம்பு வைத்தது. முதல்வருக்கு மட்டும் விலக்கு. நான் அந்த விலக்கைக் குறை சொல்லவில்லை. ஆளைப் பார்த்து, அவரால் முடியும் என்று தீர்மானித்தார்கள். எழுத்தருக்கும் அப்படி ஒருமுறை பார்க்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

கணினி வந்தபின் வயதானவர்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை என்று ஒரு பத்தி. எழுதியவர் கேரளத்தை மறந்துவிட்டார். ஆலப்புழை மாவட்டத்து கார்த்தியாயினி அம்மா 2018இல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினார். 2025இல் மாநிலம் முழு மின்னெழுத்தறிவு பெற்றதாக அறிவித்தபோது, செல்பேசியில் வீடியோ பார்க்கப் பழகிய நூறு வயது தாண்டிய எர்ணாகுளம் மாவட்டத்துப் பெரியவர் ஒருவர் செய்தியானார். கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொள்கிறார்கள். கற்றுக்கொடுக்காமல், 53 வயதுக்காரருக்கு இனி பயிற்சி எதற்கு, மூன்று வருடத்தில் போகிறவர்தானே என்று ஒதுக்கி வைப்பதும் இந்தக் கட்டாய ஓய்வு உண்டாக்கிய நோய்தான்.

அந்த வயதுகூட உண்மையான வயதா? கேரளத்தில் ஒவ்வொரு மே 31 அன்றும் ஆயிரக்கணக்கில், சில ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேல், ஊழியர்கள் ஓய்வு பெறுகிறார்கள். மலையாளிகள் எல்லாம் மே மாதத்தில்தான் பிறக்கிறார்களா என்றால், இல்லை. ஜூனில் பள்ளி திறக்கும். பிள்ளைக்கு வயது நிரம்பியதாகக் காட்ட அன்றைய ஹெட்மாஸ்டர் ஏதோ ஒரு மே மாதத் தேதியைப் பதிவேட்டில் எழுதினார். பிறப்புச் சான்றிதழ் கேட்காத காலம். ஐம்பது வருடம் கழித்து, அந்த வாத்தியார் போட்ட தேதியை வைத்துக்கொண்டு அரசு ஒரு மனிதரின் மூளையும் கையும் எந்த நாளில் ஓய்ந்தன என்று துல்லியமாகச் சொல்கிறது. தமிழ்நாட்டு வாசகர்களில் பலரும் தங்கள் 'சர்டிபிகேட் பிறந்தநாளை' நினைத்து இந்த இடத்தில் சிரித்துக்கொள்வார்கள்.

பெண்களுக்கு இந்தக் கோடு இன்னும் முன்னால் இழுக்கப்பட்டது உண்டு. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்ணுக்கு 35இல் ஓய்வு, முதல் முறை கருவுற்றால் அன்றைக்கே ஓய்வு. உடன் பறந்த ஆண் ஊழியருக்கு 58. 1981இல் நர்கீஸ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் கருவுற்றால் வெளியேற்றும் விதியை அடித்தது. வயது வேற்றுமையை விட்டுவைத்தது. அன்றும் நிர்வாகம் திறனைப் பற்றித்தான் பேசியது.

அவர் கட்டுரையில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் வேறு. ஓய்வு என்பது உழைத்தவருக்குச் சமூகம் செய்யும் மரியாதை என்கிறார். எந்த உழைத்தவருக்கு? ஜூ டவுனிலிருந்து சற்றுத் தூரத்தில், ஃபோர்ட் கொச்சியின் வெளி என்ற பகுதியில், தோபி கானா இருக்கிறது. அங்கே வெளுப்பவர்கள் தமிழர்கள். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கக் கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழி வந்தவர்கள். 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் அவர்களுக்கு இந்தக் கூடத்தைக் கட்டித் தந்தது. துவைத்து, கஞ்சி போட்டு, கொடியில் காயவைத்து, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தேய்க்கிறார்கள். அறுபது தாண்டியவர்கள், எழுபது தாண்டியவர்கள். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தக் கல்லுக்கு முன் வரிசையில் நிற்கும் இளைஞர் யார்? அங்கே துவைக்கும் ஒரு பாட்டிக்கு 56இல் யார் மாலை போட்டது? மாதம் 1,600 ரூபாய் என்றிருந்து 2025 நவம்பரில் 2,000 ஆன நலஓய்வூதியம்தான் அவருக்குச் சமூகம் செய்யும் மரியாதை. அதுவும் இடையில் மாதக்கணக்கில் பாக்கி நின்றது.

உடனே, 'அப்படியானால் சாகும்வரை உழைக்கட்டும் என்கிறீர்களா?' என்று கட்டுரையாளர் பாய்வார். இல்லை. ஓய்வூதியம் எல்லாருக்கும் வேண்டும், வயிறு நிறையும் அளவுக்கு வேண்டும், ஒரு வயதுக்குமேல் போதும் என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை வேண்டும். தோபி கானாவில் அந்த உரிமை இல்லை, அலுவலகத்தில் இருக்க விரும்புகிறவருக்கு இருக்கும் உரிமை இல்லை. இரண்டுமே ஒரே அநியாயத்தின் இரண்டு பக்கம். கட்டுரையாளர் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை, இரண்டாவதைப் புண்ணியம் என்கிறார்.

மட்டாஞ்சேரி பஜாரில் மூட்டை தூக்குகிறவர்கள் விஷயத்தில் கேரளம் ஒருமுறை சரியாக யோசித்தது. சுமைத் தொழிலாளர்களுக்கு 1978இல் தனிச் சட்டம் போட்டார்கள். ஒருவர் தூக்கக்கூடிய மூட்டை 75 கிலோ என்றிருந்ததை 55 கிலோவாகக் குறைக்க 2021இல் முடிவெடுத்தார்கள். முதுகு தேய்கிறது என்றதும் மூட்டையைத் தொட்டார்கள். அரசு அலுவலகத்தில் மட்டும் ஆளைத் தொடுகிறோம்.

வேலை செய்யாத மூத்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களை எனக்கும் தெரியும். அவர்களில் முப்பத்தைந்து வயதுக்காரர்களும் உண்டு. அதற்கென்றே மத்திய அரசு விதிகளில் 56 (ஜெ) இருக்கிறது: ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் பணியைச் சீர்தூக்கிப் பார்த்து, பயனில்லை என்றால் அனுப்பலாம். அந்த விதியைப் பயன்படுத்த, மேலதிகாரி தன் கீழே இருப்பவரைக் கவனித்திருக்க வேண்டும், எழுதி வைத்திருக்க வேண்டும், கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும். நாட்காட்டிக்கு அந்தச் சிரமம் ஒன்றும் இல்லை.

அமெரிக்கா 1986இல் பெரும்பாலான வேலைகளில் கட்டாய ஓய்வை ஒழித்தது, பிரிட்டன் 2011இல் 65 என்ற பொது எல்லையை எடுத்தது. இரண்டு நாட்டிலும் வேலையில்லாத இளைஞர்கள் இருக்கிறார்கள், அதற்குமுன்பும் இருந்தார்கள். இலங்கை எதிர்த்திசையில் போனது. 65வரை ஏற்றிய அரசு ஊழியர் ஓய்வு வயதைப் பொருளாதாரம் நொறுங்கியதும் 60ஆக இறக்க, 2022 டிசம்பர் 31 அன்று பல்லாயிரம் பேர் ஒரே நாளில் வெளியேறினார்கள். செலவைக் குறைக்கத்தான் அனுப்பினார்கள். அங்கேயும் சொல்லப்பட்ட காரணங்களில் இளைஞர்கள் இருந்தார்கள்.

கட்டுரையாளரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 2012இலிருந்து ஒவ்வொரு மே 31 அன்றும் கேரள அரசில் காலியான இடங்கள் எத்தனை, அடுத்த மே 31க்குள் அவற்றில் எத்தனை பி.எஸ்.சி. வழியாக நிரம்பின, எத்தனை ஒப்பந்தத்தில் போயின, எத்தனை கலைக்கப்பட்டன? துறைவாரியாக இந்தக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி அவர் வெளியிடட்டும். எழுந்த இடத்திலெல்லாம் ஓர் இளைஞர் உட்கார்ந்திருக்கிறார் என்று அதில் இருந்தால் நான் மேற்கொண்டு எழுதப் போவதில்லை. விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்தான்.